ஈழத்து நன்னீர் நிலைகளிற் குடியேறிய மீன்கள்

இலங்கைத் தீவின் படத்தை விரித்து நோக்குவார்க்கு, அதன் வட பாகத்திலும் கீழ்ப் பாகத்திலும் வடமத்தியப் பாகத்திலும் நீலப் புள்ளிகள் சிந்திக் கிடத்தல் புலனாகும். அவை குளங்கள், மனிதன் மண் சுமந்து, அணை கட்டி, மழை நீரையும் ஆற்று நீரையும் தேக்கியவை. இயற்கையாய் அமைந்த ஆழ்ந்த ஏரி ஒன்றேனும் இந்நாட்டில் இல்லை. பெருக்குக் காலத்தில் ஆற்றங்கரையின் அயலே தேங்கி நிற்கும் வில்லுகளே இயற்கை நீர்நிலைகள் எனத் தக்கவை. இது புவியியல் மாணவர்க்கு மாத்திரம் உரிய செய்தி எனத் தோன்றலாம். எனினும், நம் குளங்களில் இன்று வாழும் மீன்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வொரு செய்தியிலேயே தங்கியுள்ளது.

ஏரி இல்லாத நாட்டில் ஏரி மீன் தோன்றுவதற்கு இடமில்லை. விரால், கெளிறு, உளுவை, பனையேறிக்கெண்டை, பலவகைச் சிறு கெண்டைகள் முதலிய நம் நாட்டு மீன்கள் ஓடும் ஆற்றுக்கும் சேற்று நிலத்துக்கும் வயல் வாய்க்காலுக்கும் ஏற்றவாறு அமைந்தவை. விரால் கரையோரப் பாசியின் மறைவிற் பதுங்கி இரை தேடும். பனையேறிக்கெண்டை நீர் வற்றினால் ஈர நிலத்தில் ஊர்ந்து வேறு நீர் நாடும். இவை குளத்திற் புகுந்தபோதும் பெரும்பாலும் கரையையும் வாய்க்காலையும் அண்டியே வாழ்ந்தன. பல நூறு ஏக்கர் பரந்த நடுநீரிலே வெயிலில் ஓயாது விளையும் நுண்பாசியை உண்டு, உணவுக்கு உதவும் அளவு வளரக்கூடிய மீன் பெரிதும் இல்லை. வீடு கட்டியாயிற்று, குடியிருப்பார் வரவில்லை. இந்த வெற்றிடத்தை மனத்திற் கொண்டால், பின்னர் நிகழ்ந்தவற்றின் காரணம் விளங்கும்.

வேற்று நாட்டு மீனைக் கொணர்ந்து இந்நாட்டு நன்னீரில் விடும் பெருமுயற்சி முதலில் நிகழ்ந்தது குளங்களில் அன்று, மலையகத்து ஓடைகளிலேயாம். நோக்கமும் உணவன்று. நுவரெலியாவிற் குடியேறிய ஆங்கிலேயர், தம் நாட்டு ஓடைகளிற் பழகிய தூண்டில் விளையாட்டை இங்கும் ஆட விரும்பினர். அதற்கு உரிய மீன் டிரவுட் என்பது. உயர்ந்த அருவிகளைத் தாண்டி மீன்கள் மேலேறுதல் அரிதாதலின், மலையுச்சி ஓடைகளில் அவர் விரும்பிய பருமனுடைய மீன் இல்லை. ஆகவே 1880-களில் டிரவுட் முட்டைகள் கடல் கடந்து இங்கு வந்தன.

முட்டையைக் கப்பலேற்றும் வித்தை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே கைவந்திருந்தது. 1864-இல் ‘நோபோக்’ என்னும் கப்பல் இங்கிலாந்திலிருந்து அவுசுத்திரேலியா சென்றபோது, பனிக்கட்டிக்கு இடையே ஈரப் பாசி பரப்பி, அதன்மேல் மீன் முட்டைகளை வைத்துக் கொண்டு சென்றனர். அங்கிருந்து அவை தசுமேனியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டுக் குஞ்சு பொரித்தன. இதன் நுட்பம் எளிதே. குளிர், கருவின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். பாசி, ஈரத்தையும் காற்றையும் ஒருங்கே அளிக்கும். கருவின் கண்கள் இரு கரும் புள்ளிகளாய் முட்டைக்குள் தெரியும் பருவம் ஒன்று உண்டு. அதற்கு முன் முட்டையைச் சிறிது அசைத்தாலும் கரு மடியும். அதற்குப் பின்னரோ நெடும் பயணத்தையும் தாங்கும். இவ்வொரு பருவத்தை மனிதன் அறிந்துகொண்டமையால் உலகின் மலையோடைகள் பலவும் டிரவுட் ஓடைகளாயின. நம் அயலிலுள்ள நீலகிரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மீனை நிலைநாட்டியபோது, முட்டைகளுள் ஒரு பகுதி இலங்கையிலிருந்தே சென்றது.

டிரவுட் குளிர்நீர் மீன். நீர் ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு மேற் சென்றால் அது வருந்தும். 25 பாகையை அணுகினால் உயிர் தரித்தல் அரிது. வெப்பம் மாத்திரம் காரணமன்று. 10 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7½ மில்லிகிராம் அளவாய்க் குறையும். நீர் சுடச்சுட மீனின் மூச்சுத் தேவை மிகும். அத்தேவைக்கு உரிய காற்றோ குறையும். எனவே இம்மீன் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், அதனினும் உயர்ந்த ஹோட்டன் சமவெளியிலும் வாழலாமேயன்றிக் கீழ்நாட்டில் வாழாது. முதலில் வந்த பழுப்பு டிரவுட் இங்கு நிலையாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் டிரவுட், ஹோட்டன் சமவெளி ஓடைகளில் தானே முட்டையிட்டு இனம் பெருக்கியது. ஏனைய இடங்களில், பெண் மீனின் வயிற்றை மெல்ல வருடி முட்டைகளை வடித்து, ஆண் மீனின் விந்துநீரைக் கலந்து, ஓடும் குளிர்நீர்த் தொட்டியிற் பொரிக்கவைத்து, குஞ்சுகளை மீண்டும் மீண்டும் ஓடையில் விடவேண்டியதாயிற்று.

1896-இல் இலங்கை மீன்பிடிக் கழகம் என்னும் சங்கம் ஒன்று இதற்கெனவே தோன்றியது. இவ்விளையாட்டை அறியாதார்க்கு அது வியப்பையே தரும். மண்புழுவைக் கோத்துக் கரையில் உட்காருவது அன்று அது. இறகும் நூலும் கொண்டு ஈயைப் போல ஒரு பொய்யிரை செய்து, நீண்ட மெல்லிய கோலை வீசி, உண்மை ஈ நீரில் வந்து விழுந்ததுபோல அதனை நீர்மேல் இறக்குதல் வேண்டும். மீன் ஏமாந்து கௌவிய பின் அதனோடு போராடிக் களைக்கச் செய்வதிலேயே இன்பம் முழுதும் உள்ளது. போராட்டம் முடிந்தபின் மீனின் நீளம் மாலைக்கு மாலை வளர்வதும் இவ்விளையாட்டின் ஒரு விதி என்பர்.

இவ்வின்பத்தை இகழ்வது எம் நோக்கமன்று. ஆயின் ஒன்று கூறவேண்டும். அவ்வோடைகளில் முன்னரே வாழ்ந்தவை யாவை என ஆராய்ந்த பின்னர் டிரவுட் விடப்படவில்லை. பெருமீன் இல்லாத நீரை உயிரே இல்லாத நீராகக் கருதினர். அங்கே இறால் இருந்தது. தவளையின் வாற்பேத்தைகள் இருந்தன. நீர்ப்பூச்சிகளின் இளம் பருவங்கள் இருந்தன. மலையுச்சிக்கே உரிய இவ்வுயிர்களுட் பல இத்தீவில் அன்றி வேறெங்கும் காணப்படாதவை. கொன்று தின்னும் பெருமீனைத் தம் பரம்பரையிற் கண்டறியாதவை. டிரவுட்டுக்கு இவையே இயல்பான இரை. 1988-இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது, காக்கப்படவேண்டிய ஓடைகளிலே காக்கப்படவேண்டியவற்றை உண்ணும் மீன் நூறாண்டளவாய்க் குடியிருந்தது.

இனிக் கீழ்நாட்டுக் குளங்களுக்கு வருவோம். 1952-இல் ஆபிரிக்க மீனாகிய திலாப்பியா இலங்கையில் விடப்பட்டது. பொலநறுவையின் பராக்கிரம சமுத்திரம் அதனை முதலில் ஏற்ற பெருங்குளங்களுள் ஒன்று. தென்கிழக்கு ஆபிரிக்க ஆறுகளுக்கு உரிய இம்மீனுக்கு மொசாம்பிக்கின் பெயரை வைத்து 1852-இல் அறிவியற் பெயர் இட்டவர் செருமானியராகிய பீற்றர்சு. 1939-இல் இது யாவாத் தீவின் கரையிற் காணப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யப்பானியர் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இது மேலும் பரவியது. நம்மவருட் சிலர் இதனை யப்பான் மீன் என்று வழங்குவதுண்டு; தமிழகத்தார்க்கோ இது சிலேபி மீன். ஆபிரிக்கா என்னும் சொல் மாத்திரம் எவர் வாயிலும் இல்லை.

கெண்டை இனத்துப் பெருமீன் ஒன்று இலட்சக்கணக்கில் முட்டையிட, திலாப்பியா ஒருமுறை இடுவன சில நூறே. அப்படியிருந்தும் இது குளத்தை நிறைத்ததற்குக் காரணம் தாய்மையாம். ஆண் மீன் ஆழமற்ற மணற்றரையில் வட்டக் குழி தோண்டிக் காவல் நிற்கும். பெண் அங்கு முட்டையிட்டு, உடனே அவற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தும் வரை தாய் இரை கொள்வது அரிது. வெளிவந்த குஞ்சுகளும், நிழலொன்று அசைந்தால் மீண்டும் தாய் வாய்க்குள் ஓடிப் புகும். ஓடும் ஆறு இதற்கு வேண்டியதில்லை, புதுப்புனல் வேண்டியதில்லை. ஆழமற்ற மணற்கரை ஒன்றிருந்தாற் போதும். அக்கரையோ நம் குளங்களுக்குக் குறைவில்லாத செல்வம்.

உணவும் அத்தகையதே. நுண்பாசி, அழுகிய இலைதழை, அடியிற் படிந்த மக்கு ஆகிய எவராலும் உண்ணப்படாதவற்றை இது ஊனாக மாற்றும். நம் குளங்கள் கோடையில் வற்றி மாரியில் நிறைபவை. நீர் இறங்கிய படுகையிற் புல் முளைக்கும். மாடுகள் மேய்ந்து சாணமிடும். மாரியில் நீர் ஏறி அனைத்தையும் மூடும்போது அவை கரைந்து பாசிக்கு எருவாகும். வயலுக்குப் பசளையிடும் கமக்காரன் அறியாமலே குளத்துக்கும் ஆண்டுதோறும் பசளை இடப்பட்டு வந்தது. அவ்விளைச்சலை அறுக்க வல்ல உயிர் 1952-இல் வந்து சேர்ந்தது.

அதற்கு முன் குளத்து மீன்பிடி பெரும்பாலும் வீட்டுக் கறிக்கு மாத்திரம் உரியதாய் இருந்தது; பின்னர் அது தொழிலாயிற்று. 1975-இல் நைல் திலாப்பியா என்னும் உறவினமும் விடப்பட, இரண்டும் கலந்தன. பெருங்குளங்களின் பிடியிற் பெரும்பங்கு திலாப்பியாவே என்ற நிலை வந்தது. பல குளங்களில் ஒரு ஹெக்டேயருக்கு ஆண்டொன்றில் 200 கிலோகிராமுக்கு மேல் மீன் கிடைத்ததாகப் பதிவுகள் உள. வெப்ப நாடுகளின் நீர்த்தேக்கங்களுள் இது மிக உயர்ந்த விளைச்சல். கடலுக்கு நெடுந்தூரத்தில், கருவாடே மீன் என வாழ்ந்த வறிய குடும்பங்களுக்கு மலிவான புதுமீன் கிடைத்தது. இரணைமடு, கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம் ஆகியவற்றின் கரைகளில் வலையால் வாழ்வார் பலர் இதனாலேயே வாழ்கின்றனர்.

நாட்டு மீன்கள் என்னவாயின? பெருங்குளங்களை ஆராய்ந்தோர், திலாப்பியாவால் அவை பெரிதும் அழிந்தன என்பதற்குத் தக்க சான்று காணவில்லை. அது பிடித்துக்கொண்ட நடுநீர் முன்னரும் அவற்றுக்கு உரியதாய் இருக்கவில்லை. எனினும் இதனை நம் முன்யோசனையின் வெற்றி என யாம் கருதவில்லை. நற்பேறு எனவே கருதுகின்றோம். ஏறத்தாழ அதே காலத்தில், 1950-களில், கிழக்காபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நைல் பேர்ச் என்னும் பெருமீன் விடப்பட்டது. 100 கிலோகிராமுக்கு மேலும் வளரும் அது தூண்டில் விளையாட்டுக்கு உகந்தது, சந்தைக்கும் உகந்தது. விக்டோரியாவோ இயற்கை ஏரி. அதன் நடுநீர் வெறுமையாய் இருக்கவில்லை. அங்கேயே தோன்றிய சிறு மீனினங்கள் நூற்றுக்கணக்கில் வாழ்ந்தன. 1980-களிற் பேர்ச் பெருகியபோது, அவற்றுள் ஏறத்தாழ 200 இனங்கள் மறைந்தன அல்லது மறையும் நிலை எய்தின என மதிப்பிடுவர். பேர்ச்சை ஏற்றுமதி செய்து பெரும்பொருளும் ஈட்டினர் என்பது மறுக்கத்தக்கதன்று. நம் குளத்திலும் அவ்வேரியிலும் மீனை விட்டோரின் அறிவில் வேறுபாடு அதிகமில்லை. நீரின் வரலாற்றிலேயே வேறுபாடு இருந்தது.

திலாப்பியாவிலும் குறை உண்டு. சிறு குளத்தில் நெருங்கிப் பெருகினால் அது வளராது குறுகும். கையளவுகூட இல்லாத மீன் முட்டையிடத் தொடங்கும். ஆகவே கோடையில் வற்றும் சிறு குளங்களுக்குச் சீன, இந்தியப் பெருங்கெண்டைகளின் குஞ்சுகளை விடுகின்றனர். கட்லா, ரோகு முதலியன பெருக்கெடுத்தோடும் ஆற்றில் முட்டையிடும் இயல்பின. தேங்கிய குளத்திற் பொதுவாக முட்டையிடா. 1957-இல் இந்தியாவிற் கீராலால் சௌதுரி என்னும் அறிஞர், ஒரு மீனின் மூளையடிச் சுரப்பியை அரைத்து எடுத்த சாற்றை மற்றொரு மீனுக்கு ஊசியால் ஏற்றி, ஆறின்றியே முட்டையிடச் செய்தார். அன்று முதல் இக்குஞ்சுகள் பொரிப்பகத்திற் கிடைப்பனவாயின. இவை தாமே பெருகாமையால் ஆண்டுதோறும் விடவேண்டும். அது செலவு, ஆயினும் வேண்டாவிடின் நிறுத்திவிடலாம் என்பது ஒரு காப்பு. திலாப்பியாவை நிறுத்த இனி எவராலும் இயலாது. 1990 முதல் 1994 வரை, உயிர்க்கொலை பற்றிய சமயக் கருத்தை ஒட்டி, உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை அரசு நிறுத்தி வைத்தபோது, பொரிப்பகங்களை நம்பிய குஞ்சு விடும் வேலை தளர்ந்தது. திலாப்பியாவோ வழக்கம்போல் மணலிற் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

சிறு குளங்களிற் குஞ்சு விடும் காலம் மாரி. பிடிக்கும் காலம், நீர் வற்றி மடுவாய்க் குறுகும் கோடையின் கடைக்கூறு. இடையிலுள்ள மாதங்களில் உழவர்க்குரிய ஐயம் ஒன்றே: குளம் வான் பாயுமா? வான் பாய்ந்தால் நீரோடு குஞ்சுகளும் போய்விடும். அதனால் வானின் வாயில் வலை கட்டுவர். வெள்ளம் மிகுந்தால் வலையில் தழைகுப்பை அடைத்து அணைக்கே இடர் வரும். அப்போது மீனை விட்டு அணையைக் காப்பதே வழக்கம். ஓடிப்போன கெண்டைகள் கீழுள்ள குளத்தையோ ஆற்றையோ சேரும். கீழ்க்குளத்தார் அவ்வாண்டு, தாம் விடாத மீனைப் பிடிப்பர்.