வரைந்தவர்க்குரிய கூலி



தனித்தொழிலாக வடிவமைப்பு வேலை செய்வோர் இன்று பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் பெருகியுள்ளனர். கடையின் பெயர்ப்பலகை, மருந்துப் புட்டியின் மேலொட்டும் தாள், நூலின் முகப்பு, நிறுவனத்தின் இலச்சினை, இணையதளத்தின் தோற்றம் ஆகியவற்றை வரைந்து கொடுப்பவர்கள் இவர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, துணை நிற்கும் சங்கமும் பெரும்பாலும் இல்லை. வேலை தருபவர் அதைப் பெற்றுக்கொண்டபின், பணத்தைத் தராது நாளைக் கடத்தினால் இவர்கள் என் செய்வது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ள வேண்டும். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருப்பவர் யார்? அவர் உதவி வேண்டி நிற்பவர் அல்லர், கடன் கொடுத்தவர். தம் உழைப்பையே கடனாகக் கொடுத்தவர். ஒரு மாத உழைப்பை முன்னதாகக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்கும் இளைஞர், வாடகைக்கும் அரிசிக்கும் தாம் கடன் வாங்கி, தம்மினும் வசதி படைத்த வணிகருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். விந்தை யாதெனில், கொடுத்தவர் கூச்சத்தோடு கேட்கிறார். வாங்கியவர் சலிப்போடு விடை சொல்கிறார். தாம் கடன் கொடுத்தவர் என்பதை உணராமையே இத்தொழிலாளரின் துன்பங்களுக்கெல்லாம் வேர் எனலாம்.

கடன் கொடுப்பவர் எவரும் மூன்று காவல்களை வைத்துக்கொள்வது நம் நாட்டு வழக்கம். அவை பத்திரம், ஈடு, தவணை என்பன. வடிவமைப்பாளருக்கும் இம்மூன்றும் உரியனவே. ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது பத்திரம். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பயனை மற்றொருவர் நுகர்ந்தால், அதற்கு ஈடு செய்ய அவர் கடமைப்பட்டவர் என்று அச்சட்டத்தின் 70 ஆவது பிரிவு கூறுகிறது. ஆயினும் உரிமை இருப்பது வேறு. அதை மெய்ப்பிப்பது வேறு. என்ன வேலை, எத்தனை மாதிரிகள், எத்தனை முறை திருத்தம், எவ்வளவு பணம், எந்நாளில் என்னும் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் போதும். பெரிய சொற்கள் வேண்டா. மின்னஞ்சல் வழியே உண்டாகும் ஒப்பந்தமும் செல்லும் என்பதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே, தொலைபேசியில் பேசி முடித்ததை அன்றே எழுதி அனுப்பி, ‘சம்மதம்’ என்னும் ஒரு சொல்லையாவது பதிலாகப் பெற்று வைப்பது அறிவுடைமை.

எழுத்தில் இல்லாத வேலை எத்தகைய பகையாய் முடியும் என்பதற்குக் கலை வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1876 இல் லண்டன் மாநகரில் பிரெடரிக் லேலண்டு என்னும் கப்பல் முதலாளி, தம் வீட்டு உணவறையின் வண்ணங்களைப் பற்றி விசுலர் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் யோசனையை நாடினார். உரிமையாளர் ஊரில் இல்லாத நாட்களில், சிறு திருத்தமாகத் தொடங்கிய வேலை சுவர் முழுதும் நீலமும் பொன்னுமாய், மயில்களாய் விரிந்தது. ஓவியர் இரண்டாயிரம் கினி கேட்டார். இவ்வளவு வேலையை நான் சொல்லவில்லையே என்றார் முதலாளி. அதில் பாதியளவே கொடுத்தார். அதையும் கலைஞர்க்குரிய கினியாகக் கொடாமல் பவுனாகக் கொடுத்தார். சினங்கொண்ட ஓவியர், சண்டையிடும் இரு மயில்களை அந்த அறையிலேயே தீட்டி, ஒன்றன் காலடியில் வெள்ளிக் காசுகளைச் சிதறவிட்டார். 1879 இல் அவர் திவாலானபோது, கடன்காரர்களுள் முதல்வராய் நின்றவர் அந்த லேலண்டே. அவ்வறை இன்று வாஷிங்டனில் ஃபிரீர் கலைக்கூடத்தில் அனைவரும் வியக்கும் பொருளாக இருக்கிறது. கலை வென்றது, கணக்குத் தோற்றது. “இன்னும் ஒரு சிறு மாற்றம்” என்று கேட்கப்படும் ஒவ்வொரு முறையும், இது முன்பேசிய கூலிக்குள் அடங்குமா, அடங்காதா என்று எழுத்தில் கேட்டுக்கொண்ட பின்னரே கோலைக் கையில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது ஈடு. அடகுக் கடைக்காரர் நகையைப் பெறாமல் பணம் கொடுப்பதில்லை. வடிவமைப்பாளரிடம் உள்ள நகை யாது? அவர் வரைந்த படமும் அதன்மேல் அவருக்குள்ள பதிப்புரிமையுமே. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். சம்பளத்திற்கு அமர்ந்து வேலை பார்ப்பவர் படைத்தது முதலாளிக்குரியது. தனித்தொழில் செய்பவர் அத்தகைய ஊழியர் அல்லர். உரிமையைப் பிறருக்கு மாற்ற வேண்டுமாயின், எழுத்து மூலமாகவும் படைத்தவரின் ஒப்பத்துடனும் மாற்ற வேண்டும். இதில் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் பணம் பேசிக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுத்த நிழற்படமும், தீட்டிய வண்ண ஓவியமும், உருவப்படமும், வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, கேட்டவருக்கே உரியனவாகும். ஆதலின் “முழுப்பணமும் கைவந்த பின்னரே உரிமை மாறும்” என்னும் ஒரு வரியைத் தாளில் சேர்த்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. அதுவரை பார்வைக்குரிய மங்கலான மாதிரியை மட்டும் அனுப்புக; அச்சுக்குரிய மூலக் கோப்பைக் கையில் வைத்துக்கொள்க.

மூன்றாவது தவணை. திருமணத்திற்கு மேளம் பேசினால், வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுப்பது நம் மரபு. அச்சாரம் கேட்ட நாயனக்காரரைப் பேராசைக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. சமையற்காரருக்கும் பந்தல்காரருக்கும் உள்ள இவ்வுரிமை படம் வரைபவருக்கு மட்டும் எங்ஙனம் இழிவாகும்? தொடக்கத்தில் ஒரு பங்கு, மாதிரி ஒப்புக்கொள்ளப்பட்டபோது ஒரு பங்கு, மூலக் கோப்பைக் கொடுக்குமுன் எஞ்சிய பங்கு என்று பிரித்துக்கொண்டால், எந்நிலையில் வேலை நின்றாலும் இழப்பது ஒரு பங்கேயாகும். அச்சாரம் கொடுக்க மறுப்பவர், தாம் பின்னர் எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை முன்னதாகவே அறிவித்துவிடுகிறார்.

இவ்வளவும் செய்தும் பணம் வராவிடில் சட்டத்தின் துணை உண்டு. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் பொருள் செய்வோரை மட்டுமன்றிச் சேவை செய்வோரையும் காக்கிறது. தனியொருவர் நடத்தும் வடிவமைப்புத் தொழிலையும் ‘உத்யம்’ பதிவேட்டில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். வேலை தொடங்குமுன் பதிவது நலம். பின்னர்ப் பதிந்தவர்கள் வழக்குமன்றங்களில் இடர்ப்பட்டதுண்டு. எழுத்து ஒப்பந்தம் இருப்பினும், வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்பட்ட தவணை செல்லாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாட்களே. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். மாநில அரசுகள் அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிட்டால், முதலில் சமரசமும் பின்னர் நடுவர் தீர்ப்பும் கிடைக்கும். அத்தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாடிக்கையாளர், தீர்ப்பான தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முன்னதாகக் கட்ட வேண்டும். எளியவரை அலைக்கழித்தே வெல்ல நினைப்போருக்கு இஃது ஒரு நல்ல தடை.

பதிவு செய்யாதவர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். எழுத்து ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய குறித்த தொகைக்குச் சுருக்க முறையில் வழக்காடவும் வழியுண்டு. காலவரம்பை மறவாதீர்கள்: பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, அது முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகள். அதற்குள் “பாக்கி உள்ளது, தருகிறேன்” என்று வாடிக்கையாளர் எழுதி ஒப்பமிட்டால், அந்நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டுகள் தொடங்கும். ஆகவே அவர் எழுதும் சமாதானக் கடிதம் எதையும் கிழித்தெறிய வேண்டா. கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினாலோ, செய்தி அறிந்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பெற்றவர் 15 நாட்களுக்குள் செலுத்தாவிடில் அது தண்டனைக்குரிய குற்றமாகும்.

செய்யத் தகாதன சிலவும் உள. சினம் மேலிட்டு, அனுமதியின்றி வாடிக்கையாளரின் கணினிக்குள் புகுந்து இணையதளத்தை அழிப்பது சட்டவிரோதம். நியாயம் உடையவரே குற்றவாளி ஆகிவிடுவார். ஊரறிய ஏசுவதும் அவதூறு வழக்கில் முடியக்கூடும். தர இயலாதவரையும் தர மனமில்லாதவரையும் பிரித்தறிதலும் வேண்டும். முன்னவருக்கு எழுத்தில் புதிய தவணை கொடுக்கலாம். பின்னவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையும் அவருடைய வழக்கத்தையே வளர்க்கும்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரிய துன்பம் அன்று. நியூயார்க் நகரில் 2017 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 800 டாலரும் அதற்கு மேலும் பெறுமான தனித்தொழில் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தே தீரவேண்டும் என்றது. நாள் குறிக்காவிடில் வேலை முடிந்த 30 நாட்களில் பணம் தரவேண்டும் என்றது. தராதவர் இருமடங்கு ஈடு செய்யவும் நேரும் என்றது. அங்கே பத்திரம் எழுதும் பொறுப்பை வேலை கொடுப்பவர்மீது சட்டமே ஏற்றியிருக்கிறது. இங்கே அப்பொறுப்பு இன்னும் வேலை செய்பவரின் விழிப்பையே சார்ந்துள்ளது.

கூலி கிடைக்காத வடிவமைப்பாளர், பிழைப்பின்பொருட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவரோடு அவருடைய கைத்திறனும் போய்விடுகிறது. இழப்பு அவருக்கு மட்டும் அன்று. ஆதலின் வேலை கொடுப்போர், வந்த படத்தைச் சுவரில் மாட்டுமுன் அதற்குரிய பணத்தைக் கொடுத்தோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. வேலை செய்வோர், தாம் கேட்பது தயவன்று, தாம் கொடுத்த கடன் என்பதை உணர்ந்து, தலை நிமிர்ந்து கேட்பாராக.