மருந்து கொடுப்பவர் யார்?

தோழர்களே, சம்பளம் வாங்கியதும் கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ போகிறோம். மருந்துக்கடையில் நுழைந்து, "மூட்டு வலிக்கு ஒன்னு குடுங்க" என்கிறோம். கொடுப்பவர் யாரென்று பார்க்கிறோமா?

கடையில் நிற்பவரெல்லாம் மருந்தாளர் அல்லர். பல்கலைக்கழகத்தில் மருந்துத்துறைப் பட்டம் பெற்று, பயிற்சி முடித்து, 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரே மருந்தாளர். அவருடைய சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். "மருந்தாளர் இருக்காங்களா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை.

ஆன்டிபயாடிக், இரத்தக்கொதிப்பு மாத்திரை இவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 'சீட்டு வேண்டாம், எடுத்துக்குங்க' என்று சொல்லும் கடை உங்களுக்கு நன்மை செய்யவில்லை.

பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். எண் இல்லாத மூட்டுவலித் தூளை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. வலி உடனே நிற்கும். ஆனால் நாளடைவில் சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும். ஏற்கெனவே நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. தூளோடு டாக்டரிடம் வாருங்கள்.

கடைக்குப் போகும்போது, இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.