தளர்நடைப் பருவம்

தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் தமிழ்க் குடும்பம் ஒன்று வாழ்கிறது. அப்பா, அம்மா, ஏழாம் வகுப்பில் படிக்கும் அக்கா, ஒன்றே முக்கால் வயதுத் தம்பி என வீட்டில் நால்வர். அவ்வீட்டில் எப்பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை. அக்காவின் அழிப்பான் காலணிக்குள் கிடக்கும். அப்பாவின் சாவிக்கொத்து அரிசி டப்பாவுக்குள் இருக்கும். அடுக்களையில் அடுக்கி வைத்த கிண்ணங்கள் கூடத்தில் உருளும். இவற்றையெல்லாம் செய்தவர் யார் என்று அங்கு ஒருவரும் கேட்பதில்லை.

பெரியோர் இதனைக் குறும்பு என்பர். உற்று நோக்கினால், இக்குறும்புகள் ஒவ்வொன்றும் ஒரு பாடம் என்பது விளங்கும். குழந்தை தானே வகுத்துக்கொண்டு தானே பயிலும் பாடம் அது.

இலக்கியம் கண்ட குழந்தை

தமிழ்ப் புலவர்கள் இப்பருவத்தை நெடுங்காலமாகவே கூர்ந்து நோக்கி வந்துள்ளனர். புறநானூற்றின் 188ஆம் பாடலைப் பாடியவர் பாண்டியன் அறிவுடைநம்பி. சிற்றடி வைத்து நடந்துவரும் குழந்தை, பெரியவர் உண்ணும் கலத்தில் கையிட்டு, நெய்ச்சோற்றை அள்ளித் தன் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் காட்சியை அவர் அதில் வரைகிறார். பெருஞ்செல்வம் உடையவராயினும், இத்தகைய குழந்தை இல்லையேல் வாழ்வில் பயனில்லை என்பது அம்மன்னர் கருத்து. உணவுத் தட்டைக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கும் குழந்தை இன்று மட்டும் தோன்றியது அன்று என்பதை இப்பாடல் உணர்த்துகிறது.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை வளர்ந்தது. அது குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பால், பெண்பால் ஆகிய இருவகைப் பிள்ளைத்தமிழுக்கும் பொதுவானவை. கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடை இட்டு வருமாறு அழைப்பது வருகை. குழந்தையுடன் விளையாட வருமாறு நிலவை அழைப்பது அம்புலி. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவமும் உண்டு. சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் காலால் சிதைப்பான். சிதைக்க வேண்டா என அவர்கள் வேண்டுவர். அக்கா அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்தைத் தம்பி ஓடிவந்து உதைத்துத் தள்ளும்போது, அப்பழைய காட்சியே குடியிருப்புக் கூடத்தில் மீண்டும் நிகழ்கிறது.

விழுந்து விழுந்து கற்றல்

குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டு நிறைவை ஒட்டி நடக்கத் தொடங்குகின்றனர். சிலர் முன்னதாகவும் சிலர் சற்றுத் தாமதமாகவும் நடப்பதுண்டு. முன்னாளில் தமிழகத்து வீடுகளில் நடை பழகுவதற்கு மரத்தாலான மூன்று சக்கர நடைவண்டியைத் தருவர். அதனைத் தள்ளிக்கொண்டே குழந்தை அடியெடுத்து வைக்கும்.

நடை பழகுவது எளிய செயல் அன்று. அமெரிக்க உளவியல் அறிஞர் கேரன் அடால்ஃபும் அவர்தம் குழுவினரும் 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகள் விளையாடும் முறையை ஆராய்ந்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்தனர். 17 முறை விழுந்தனர். விழுந்த குழந்தை எழுந்து மீண்டும் நடக்கிறது. பதினேழு முறை தவறினாலும் முயற்சியைக் கைவிடாத மாணவர், வீட்டிலுள்ள இச்சிறிய மாணவரே.

மீண்டும் மீண்டும் ஏன்?

உணவு ஊட்டும்போது தம்பி கரண்டியைக் கீழே போடுகிறான். அம்மா எடுத்துக் கொடுக்கிறார். மறுபடியும் போடுகிறான். பத்தாவது முறையும் அவ்வாறே செய்கிறான். அம்மாவின் பொறுமையைச் சோதிப்பது அவன் நோக்கம் அன்று. போட்டால் விழுமா? ஒவ்வொரு முறையும் விழுமா? கரண்டி எழுப்பும் ஓசையைப் பந்தும் எழுப்புமா? அம்மா மீண்டும் எடுத்துத் தருவாரா? இவையே அவன் ஆராயும் வினாக்கள். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே தம் மூன்று குழந்தைகளின் இத்தகைய செயல்களை நாள்தோறும் குறித்துவைத்தார். குழந்தை செய்து பார்த்தே உலகை அறிகிறது என்னும் கொள்கை அக்குறிப்புகளிலிருந்து உருவாயிற்று.

இப்பருவத்துக் குழந்தை திடீரெனத் தரையில் புரண்டு அழுவதும் இயல்பே. அதன் மனத்தில் விருப்பங்கள் பல. அவற்றைக் கூறும் சொற்களோ சில. சொல் போதாதபோது அழுகையே மொழியாகிறது. அவ்வேளையில் அதட்டுவதைவிட, அருகில் அமர்ந்து அது வேண்டுவதை அமைதியாகச் சொல்லால் எடுத்துரைப்பது பயன் தரும்.

கண்காணிப்பு

ஆராயும் குழந்தைக்கு ஆபத்து தெரியாது. ஆகவே வீட்டார் அறிந்திருத்தல் வேண்டும். நிலக்கடலை, நாணயம், பொத்தான் போன்றவை மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். கைக்கடிகாரத்திலும் பொம்மைகளிலும் உள்ள வட்ட வடிவச் சிறு மின்கலத்தை விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளியலறை வாளியில் சிறிதளவு நீர் இருந்தாலும் அதில் தலைகீழாக விழும் குழந்தையால் தானே எழ இயலாது. எனவே, வாளியைக் கவிழ்த்து வைப்பது நல்ல பழக்கம். வடநாட்டில் கோடையில் கூலரும் குளிர்காலத்தில் ஹீட்டரும் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும்.

ஓய்வும் இன்றியமையாதது. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஒரு வயதுக் குழந்தையைத் திரையின் முன் அமர்த்துதல் கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது.

செவி வழி வரும் மொழி

குழந்தை நடை பழகும் காலமே சொல் பழகும் காலமும் ஆகும். இதற்கான ஆயத்தம் மிக முன்னரே தொடங்கிவிடுகிறது. கனடா நாட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பங்களில் பிறந்த குழந்தைகளை ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1984இல் வெளிவந்தது. இந்தியில் உள்ள த, ட ஆகிய ஒலிகளின் வேறுபாட்டை 6 முதல் 8 மாதக் குழந்தைகள் உணர்ந்தனர். 10 முதல் 12 மாதம் ஆனபோது அத்திறன் பெரிதும் குறைந்திருந்தது. காதில் விழும் ஒலிகளே குழந்தையிடம் நிலைக்கின்றன என்பதை இது காட்டுகிறது.

அவ்வொலியும் மனிதரிடமிருந்து நேரே வருதல் வேண்டும். பட்ரீஷியா குல் என்னும் அமெரிக்க அறிஞரின் குழு 2003இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டது. சீன மொழி பேசுபவர்கள், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் 12 அமர்வுகளில் நேரில் விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தனர். அதே பேச்சைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட குழந்தைகளிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. தமிழ்ப் பாட்டு ஓடும் கைப்பேசியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் தமிழ் வந்துவிடாது. கைவீசி ஆடவும் சாய்ந்தாடவும் எதிரில் ஒருவர் அமர்ந்து பாடுதல் வேண்டும்.

பானியும் பானையும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து ஆச்சி காணொளியில் அழைத்தார். பேரன் திரையைப் பார்த்து, "பானி, பானி" என்றான். ஆச்சி மகிழ்ந்து, "பானையா கேக்கான்? எந்தப் பானைய்யா வேணும்?" என்று வினவினார். அம்மா சிரித்துக்கொண்டே விளக்கினார். ஆச்சியும் சிரித்தார்; ஆனால் அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் சற்று நேரம் அமைதியாக இருந்தார். அந்த அமைதியை அக்கா கவனித்தாள்.

தம்பிக்கு அச்சொல் எங்கிருந்து வந்தது? அப்பாவும் அம்மாவும் வீட்டில் தமிழிலேயே பேசுகின்றனர். ஆயினும் அவர்கள் அலுவலகம் சென்று மாலையில்தான் திரும்புகின்றனர். பள்ளி விட்டு வந்தபின் அவனுடன் பந்து உருட்டுபவளும், அவனுக்குத் தண்ணீர் கொடுப்பவளும் அக்காவே. பள்ளியில் பேசிய இந்தியிலேயே வீட்டிலும் அவனுடன் பேசுவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. தம்பியின் மொழியாசிரியர் தானே என்பதை அவள் அன்று உணர்ந்தாள்.

மறுநாள் முதல் அவள் விளையாட்டின் மொழியை மாற்றினாள். தண்ணீர் கொடுக்கும்போது, "தண்ணி குடிக்கிறியா?" என்றாள். பந்து வந்தால், "பந்து வருது பார்!" என்றாள். சில வாரங்கள் கழிந்தன. ஆச்சி மீண்டும் அழைத்த ஒரு நாள், தம்பி தன் குவளையைத் திரைக்கு நேரே நீட்டி, "ஆச்சி, தண்ணி" என்றான். குவளையிலிருந்த நீர் முழுதும் கைப்பேசியின் மேல் கொட்டியது.

அன்று மாலை அடுத்த வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் அதே குவளையை நீட்டியபோது அவன் "பானி" என்றே கேட்டான். இரு மொழிகள் குழந்தையைக் குழப்பும் என்று சிலர் அஞ்சுவர். இருமொழிச் சூழலில் வளரும் குழந்தை யாரிடம் எச்சொல் செல்லும் என்பதைக் காலப்போக்கில் தானே அறிந்துகொள்கிறது. அதற்கு இரு மொழிகளும் அதன் செவியில் போதுமான அளவு விழ வேண்டும். தில்லித் தெருவில் இந்தி தானே வந்து சேரும். தமிழை யாரேனும் ஒருவர் அருகில் அமர்ந்து தர வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. குழந்தை கரண்டியை மீண்டும் மீண்டும் கீழே போடுவது ஏன்?
2. சிற்றில் பருவத்தை உங்கள் வீட்டு நிகழ்ச்சி ஒன்றுடன் ஒப்பிட்டு எழுதுக.
3. ஆச்சி சற்று நேரம் அமைதியாக இருந்ததன் காரணம் யாது?
4. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள சிறு குழந்தையை அரை மணி நேரம் உற்றுநோக்குக. அது கூறிய சொற்களை மொழி வாரியாகப் பட்டியலிடுக.