முயலாமலே கணக்கை முடிக்கலாமா?

வரவு செலவு பார்க்காமல் பேரேட்டை முடித்து வைக்கும் வியாபாரி யாரும் இல்லை. ஆனால், "இது நமக்கு வராது" என்று முயன்று பார்க்காமலே மனக்கணக்கை முடித்துவிடுபவர்கள் நம்மில் பலர். நாமும் அப்படி இருந்தவர்தாம்.

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. அதுவரை ரிட்டர்ன் வேலையை ஆடிட்டரிடம் விட்டுவிட்டுப் பேரேட்டோடு நின்றவர் நாம். கம்ப்யூட்டரில் பில் போட வேண்டும் என்றதும், "இந்த வயதில் இது ஆகாது, மண்டியைக் கைமாற்றிவிடலாம்" என்று வீட்டில் பேச்செடுத்தோம். அப்போதுதான், பள்ளி நாளில் விளையாட்டு ஆசிரியர் சொன்ன ஓட்டக்காரர் ஒருவரின் நினைவு வந்தது.

ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் மனிதனால் ஓட முடியாது என்று பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. 1945-ல் ஸ்வீடன் வீரர் குண்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடினார். ஏறத்தாழ 9 ஆண்டுகள் அந்தச் சாதனை அசையவில்லை. இங்கிலாந்தில் மருத்துவ மாணவராக இருந்த ரோஜர் பானிஸ்டர் அந்த 4 நிமிடத்தைச் சில்லறையாக மாற்றிப் பார்த்தார். மைலுக்கு 4 சுற்று. சுற்றுக்கு 60 விநாடி.

1954 மே 6, ஆக்ஸ்போர்டு மைதானம். காற்று பலமாக அடித்ததால் முயலலாமா வேண்டாமா என்று அவரே தயங்கினார். நண்பர்கள் கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் ஒருவர் பின் ஒருவராக முன்னே ஓடி வேகம் கொடுத்தார்கள். மூன்று சுற்று முடிந்தபோது 3 நிமிடம் 0.7 விநாடி. அந்த 0.7 விநாடி பாக்கியைக் கடைசிச் சுற்றில் தீர்த்து, 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். 46 நாட்களில் ஆஸ்திரேலிய வீரர் ஜான் லாண்டி அதையும் முறியடித்தார்.

வெறும் நம்பிக்கையால் இது நடந்துவிடவில்லை. இருவரும் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தவர்கள். பயிற்சி, பிரித்துப் போட்ட கணக்கு, கூட ஓடிய துணை, இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் நம்பிக்கை பலன் தந்தது.

நாமும் வேலையை நான்கு வாரமாகப் பிரித்தோம். முதல் வாரம் சரக்குகளின் பெயர்களை ஏற்றினோம். அடுத்த வாரம் வரி விகிதம். மூன்றாம் வாரம் பில். நான்காம் வாரம் ரிட்டர்ன் விவரம். கடைப்பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். சிறியவனிடம் கேட்பதா என்ற கூச்சம் இரண்டு நாளில் போயிற்று. தப்பான பில்கள் எத்தனையோ. ஆனால் மண்டி கைமாறவில்லை.

உங்களுக்கு 'முடியாது' என்று தோன்றுவது எது? நிலுவை வசூலா, செல்போனில் பணம் வாங்குவதா, வீட்டுக்குச் சரக்கு அனுப்புவதா? அதை ஒரு தாளில் எழுதி நான்காகப் பிரியுங்கள். தெரிந்தவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முயன்றும் ஆகவில்லையென்றால், அப்போது அந்தக் கணக்கை முடிக்கலாம். அதற்கு முன் வேண்டாம்.