மாடிப்படி நாற்காலி வாங்கப் போறீங்களா?

மூட்டுவலியால் என் மாமியார் மாடியை விட்டு இறங்கி நாலு மாசமாச்சு. "கோயிலுக்குக்கூட போக முடியலையேம்மா" என்பார். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருப்பதால், படியோரம் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் நாற்காலி பொருத்தலாம் என்று நாலு இடத்தில் விசாரித்தோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தோழிகளே!

நேர் படி என்றால் செலவு குறைவு. வளைந்து திரும்பும் படிக்கு, அளவெடுத்துத் தனியாகத் தண்டவாளம் செய்யணும். அது வேறு வீட்டுக்கு உதவாது.

உட்காரப் போகிறவரை நாற்காலியில் உட்கார வைத்து, முதுகிலிருந்து முழங்கால் வரை அளக்கச் சொல்லுங்கள். இடம் பற்றாவிட்டால் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கும். நாற்காலியை மடக்கினால் மற்றவர்கள் நடக்க வழி இருக்குமா என்றும் பாருங்கள்.

பேட்டரியில் ஓடுவதாகக் கேளுங்கள். கரண்ட் போனாலும் பாதியில் நிற்காது. மேலே போனதும் நாற்காலி மாடிப் பக்கம் திரும்பணும். அப்போதுதான் பயமில்லாமல் எழுந்திருக்கலாம். இடுப்பு பெல்ட்டும், கால்பலகையில் ஏதாவது தட்டினால் தானே நின்றுவிடும் வசதியும் அவசியம்.

நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு இது சரிப்படாது. டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாண்டுகள் இருக்கும் வீடா? சாவி போட்டுப் பூட்டும் மாடலாக வாங்கி, சாவியை உங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்ளுங்கள்!