நாவலின் ஓரத்தில் ஒரு தீர்ப்பு

கடந்த மே மாதம் வீடு மாறினோம். புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, முதுகுப்பக்கம் பிய்ந்துபோன ஒரு பிரதி கைக்கு வந்தது. ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1987-இல், திருச்சியில் கல்லூரி விடுதியில் தங்கியிருந்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கியது. புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய என் கையெழுத்து தென்பட்டது: 'இவளும் ஒரு தாயா?' அதை எழுதியபோது எனக்கு வயது 21.

அந்த வரி யாரைக் குறித்தது என்பது உடனே நினைவுக்கு வந்தது. நாவலின் நாயகி கங்காவின் தாய் கனகம். மகளுக்கு நேர்ந்ததைக் கேட்டவுடன் ஊரறிய ஓலமிட்டு, அவளது வாழ்க்கையையே திசைமாற்றிவிட்ட தாய். அவளுக்கு எதிராக அன்று நான் எழுதிய தீர்ப்பு, ஏறத்தாழ 40 ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் கிடந்திருக்கிறது.

நாவல் படிக்கும் எவரும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பக்கங்களைப் புரட்டுகிறோம். முதற்கேள்வி, 'அடுத்து என்ன நடந்தது?' இரண்டாவது, 'இவர் ஏன் இப்படிச் செய்தார்?' முதலாவது கதைப்பின்னலைப் பற்றியது. இரண்டாவது கதைமாந்தரைப் பற்றியது. நாடகத்தைப் பற்றி எழுதிய அரிஸ்டாட்டில், துன்பியலின் உயிர் கதைப்பின்னலே என்றும், பாத்திரம் அதற்கு அடுத்ததே என்றும் வகுத்தார். இளமையில் நாம் எல்லோரும் அரிஸ்டாட்டிலின் கட்சிதான். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாரந்தோறும் வெளிவந்தபோது தமிழ்நாடு முழுவதும் முதற்கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. கதை முடிந்த பின்னும் அந்தக் கேள்வி ஓயவில்லை. கதைமாந்தர் ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள உறவை விளக்க, தமிழில் ஜெயகாந்தனின் இந்த நாவலைப் போன்ற எடுத்துக்காட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காரணம், இதன் பிறப்பே ஒரு கதைப்பின்னலைப் பற்றிய சண்டையில் தொடங்கியது.

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வெளியானது. மழை கொட்டும் மாலை. கல்லூரி வாசலில் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஏழை மாணவி ஒருத்தி. பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது. முன்பின் அறியாத இளைஞன் ஏறிக்கொள்ளச் சொல்கிறான். அன்றிரவு அவள் வேறொருத்தியாக வீடு திரும்புகிறாள். நடந்ததைக் கேட்ட கைம்பெண்ணான தாய் முதலில் பதறி அலறத்தான் செய்கிறாள். ஆனால், அடுத்த கணமே தன்னை மீட்டுக்கொள்கிறாள். அக்கம்பக்கத்தார் கேட்கும்போது, மழையில் நனைந்து வந்ததற்காகக் கடிந்துகொண்டதாகச் சமாளிக்கிறாள். மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள்மீது எந்தக் களங்கமும் இல்லை என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள்.

அந்த முடிவு வாசகர் பலருக்குப் பொறுக்கவில்லை. கண்டனங்கள் எழுந்தன, மறுப்புக் கதைகளும் எழுதப்பட்டன. ஜெயகாந்தன் அதற்கு விடையளித்த முறைதான் வியப்புக்குரியது. கதையில் ஒரேயொரு முடிச்சை மட்டும் மாற்றினார். அந்தத் தாய் தன்னை மீட்டுக்கொள்ளாமல் போயிருந்தால்? அதே பெண், அதே மழை, அதே கார். ஆனால், இந்த முறை தாயின் ஓலம் வெளியே கேட்டுவிடுகிறது. அண்டை அயல் திரள்கிறது. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அந்த ஒரு கணத்திலிருந்து விரிந்த நீண்ட வாழ்க்கையே 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவல், 1977-இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

21 வயதில் எனக்கு இது எளிய கணக்காகத் தோன்றியது. சிறுகதையின் தாய் நல்லவள். நாவலின் தாய் கெட்டவள். கங்காவை அழித்தது காரில் வந்தவன் மட்டுமல்லன், கனகமும்தான். பென்சிலை எடுத்துத் தீர்ப்பை எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். விடுதி அறையில் நண்பர்களிடம், நானாக இருந்தால் அந்தத் தாயைப் போல நடந்துகொள்ள மாட்டேன் என்று வாதிட்டதும் நினைவிருக்கிறது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இரவு. பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகன் முன்னறிவிப்பின்றி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டு முடித்த பிறகு, கூடத்தில் நின்றபடியே சொன்னான்: "அப்பா, ஏழு பேப்பர் அரியர் இருக்கு. உங்ககிட்ட மறைச்சுட்டேன். இனிமே என்னால காலேஜுக்குப் போக முடியாது." சொல்லும்போதே அவன் குரல் உடைந்து உயர்ந்தது.

என் வாயிலிருந்து வந்த முதற்சொற்கள் இவை: "மெதுவாப் பேசு. மாடி வீட்டுல கேட்கப்போகுது."

அவன் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் கத்தவில்லை, அடிக்கவில்லை, வீட்டைவிட்டுத் துரத்தவுமில்லை. எனவே, பொறுமையாக நடந்துகொண்டேன் என்றே நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் தன்னைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பதை, அவனது வயதின் இயல்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பழைய பிரதியைக் கண்டெடுத்த இரவு, பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்து நாவலை மீண்டும் படிக்கத் தொடங்கினேன். இம்முறை அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும். ஆகவே முதற்கேள்விக்கு வேலையில்லை. கதைப்பின்னலின் வேகம் அடங்கியபோது, அதுவரை காணாத மனிதர்கள் அதே பக்கங்களில் தெரிந்தார்கள்.

முதலில் தெரிந்தவள் கனகம். கணவனை இழந்தவள். மகன் வீட்டில், மகன் ஈட்டும் பணத்தில், அவன் தயவில் காலம் தள்ளுகிறவள். மகளை மறைத்துக் காக்க, தனக்கென ஓர் அறைகூட உரிமையில்லாதவள். அவளது ஓலத்தில் நான் கேட்கத் தவறியது அச்சத்தை. அது அவள் செய்ததைச் சரியென்று ஆக்கிவிடாது. கங்கா இழந்ததையும் திருப்பித் தராது. ஆனால், 'இவளும் ஒரு தாயா' என்று கேட்க இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஆம், அவளும் ஒரு தாய்தான்; அஞ்சிய தாய்.

பிற மாந்தரும் இப்படியே இடம் மாறினார்கள். கதைப்பின்னலின்படி பார்த்தால் வெங்கு மாமா கங்காவைக் காப்பாற்றியவர். துரத்தப்பட்டவளைத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று படிக்கவைத்து ஆளாக்கியவர். ஆனால், அந்த ஆதரவுக்குள் அவர் வைத்திருந்த இச்சை, காரில் வந்தவன் இழைத்த தீங்கைவிட நீண்டது. மறுபுறம், காரில் வந்த பிரபு. கதைப்பின்னல் அவனுக்கு வில்லன் என்ற இடத்தைத் தருகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் கங்கா அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது எதிரே நிற்பவனோ, சொந்த வீட்டில் மதிப்பில்லாத, தன்மீதே நம்பிக்கை இழந்த ஒரு பலவீனமான மனிதன். காவலர் இடத்தில் இருப்பவர் வேட்டையாடுகிறார். வேட்டையாடியவன் அடைக்கலம் தேடுகிறான். சம்பவங்கள் ஒருவருக்குத் தரும் இடமும், அந்த மனிதரின் உண்மையான அளவும் ஒன்றல்ல. தலைப்பே இதைத்தான் சொல்கிறது. மனிதர்கள் எல்லா நேரங்களிலும் ஒரே மனிதர்களாக இருப்பதில்லை.

இதை உணர்ந்தபோது, ருஷ்ய நாவலொன்றின் கதைமாந்தர் ஒருவர் நினைவுக்கு வந்தார். டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா'வில் வரும் கணவர் கரேனின். அவரையும் இளமையில் நான் வெறுத்திருந்தேன். விரல்களைச் சொடுக்கிக்கொண்டு, அலுவலகக் கோப்பைப் போல மனைவியை நடத்தும் உயரதிகாரி. ஆனால், வேறொருவனின் குழந்தையைப் பெற்றுவிட்டு அன்னா சாகக்கிடக்கும்போது, அந்த மனிதர் அவளை மன்னிக்கிறார். அவளுடைய காதலனையும் மன்னிக்கிறார். தன்னுடையதல்லாத அந்தப் பச்சிளங்குழந்தையிடம் பாசம் கொள்கிறார். பின்னர், ஊராரின் ஏளனப் பார்வையும் சீமாட்டி ஒருத்தியின் போதனையும் சேர்ந்து அவரை மீண்டும் இறுகச் செய்கின்றன. மகனைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கிறார், விவாகரத்துக்கும் மறுத்துவிடுகிறார். ஜெயகாந்தன் இரண்டு கதைகளில் இரண்டு தாய்மாராகப் பிரித்துக் காட்டியதை, டால்ஸ்டாய் ஒரே மனிதருக்குள் வைத்துக் காட்டியிருக்கிறார்.

கரேனினிடமிருந்து கனகத்திடம் திரும்பியபோது எனக்கு விளங்கியது இதுதான். மன்னித்த தாயையும் ஓலமிட்ட தாயையும் பிரிப்பது அன்பின் அளவன்று. அந்த நொடியில் அவள் யாருடைய முகத்தைப் பார்க்கிறாள் என்பதே. ஒருத்தி மகளின் முகத்தைப் பார்க்கிறாள். மற்றொருத்தியின் பார்வை வாசலில் நிற்கும் ஊரின் பக்கம் திரும்பிவிடுகிறது. மன்னித்த கரேனின் பார்த்தது அன்னாவின் முகத்தை; இறுகிப்போன கரேனின் பார்த்தது ஊரின் முகத்தை.

அந்த இரவு நான் எதைப் பார்த்தேன்? மகன் உடைந்து நின்றுகொண்டிருந்தபோது, என் கண்கள் கூரையை நோக்கி, மாடி வீட்டை நோக்கிப் போயின. 'அக்கினிப் பிரவேச'த்தின் தாயும் அண்டை வீட்டாரிடம் விஷயத்தை மறைத்தாள். நானும் மறைக்கவே முயன்றேன். ஆனால், அவள் மறைத்தது மகளைக் காக்க. நான் மறைத்தது என்னைக் காக்க. கனகம் உரக்கச் செய்ததை நான் மெல்லிய குரலில் செய்திருக்கிறேன்.

நாவலில் ஒரு நுட்பம் உண்டு. கங்காவின் வாழ்க்கையை ஒத்த சிறுகதை ஒன்று பத்திரிகையில் வெளியாகிறது. அது 'அக்கினிப் பிரவேசம்'தான். அதைக் கனகமும் படிக்கிறாள். அந்தத் தாய்க்கு இருந்த விவேகம் தனக்கு இல்லாமல் போயிற்றே என்று கலங்குகிறாள். அதாவது, நாவலில் வரும் கனகமும் நம்மைப் போல ஒரு வாசகி. அவளுக்கு அந்தக் கதை காலம் கடந்து கிடைத்தது. எனக்கோ உரிய காலத்துக்கு 30 ஆண்டுகள் முன்னதாகவே கிடைத்திருந்தது. இருந்தும், தேவைப்பட்ட நொடியில் அது எனக்கு உதவவில்லை.

அப்படியென்றால் நாவல் படிப்பதால் என்ன பயன்? இலக்கியம் மனிதரைப் பண்படுத்தும் என்று மேடைகளில் சொல்கிறோம். என் அனுபவத்தில், அது அவ்வளவு நேரடியாக நிகழ்வதில்லை. படித்த நாவல், நெருக்கடி நேரத்தில் முன்னால் வந்து நின்று தடுக்காது. நம்முடைய அச்சம் அதைவிட விரைந்து ஓடும். நாவல் பின்னால் வருகிறது. நாம் செய்து முடித்ததை, நாம் ஏற்கெனவே வெறுத்த ஒருவரின் முகத்தில் காட்டுகிறது. அப்போதும் இரண்டு வழிகள் உண்டு. புத்தகத்தை மூடிவிடலாம். அல்லது, கதைமாந்தருக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு நமக்கு இருப்பதை எண்ணிப் பார்க்கலாம். கனகத்தின் கதை அச்சாகிவிட்டது. அவள் எத்தனை முறை கலங்கினாலும் அந்த ஓலத்தைத் திரும்பப் பெற இயலாது. நம் கதை இன்னும் அச்சாகவில்லை.

மறுநாள் மாலை மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். நாவலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அன்னிக்கு நைட் நீ வந்து சொன்னப்ப, நான் உன்னைப் பத்திக் கவலைப்படலைடா. என்னைப் பத்தித்தான் கவலைப்பட்டேன்" என்றேன். சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு, "தெரியும்பா" என்றான். இன்னும் சிறிது நேரம் கழித்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அன்று நாங்கள் 40 நிமிடங்கள் பேசினோம்.

அவன் இப்போது என்ன செய்கிறான், வென்றானா, தோற்றானா என்று சிலர் கேட்கக்கூடும். அது முதற்கேள்வி. இந்த வயதில் எனக்கு அதில் முன்பிருந்த ஆவல் இல்லை.

புதிய வீட்டில் புத்தகங்களை அடுக்கும்போது, அந்தப் பக்கத்தை மீண்டும் எடுத்தேன். பென்சில் எழுத்துதானே, அழித்துவிடலாம் என்று ரப்பரைத் தேடினேன். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டேன். கனகத்தைப் பற்றி அந்த வரி எதையும் சொல்லவில்லை. அதை எழுதிய 21 வயது இளைஞன் எவ்வளவு உறுதியாக இருந்தான் என்பதற்கு, என்னிடம் எஞ்சியுள்ள சான்று அது ஒன்றுதான்.