மெருகு: ஒரு முறையா, பல முறையா?

புதிய கார் கண்ணாடி போல் மின்னுகிறது. சில ஆண்டுகள் சென்றபின் வெயிலில் பார்த்தால், சிலந்தி வலை போல் நுண்ணிய கீறல்கள் தெரிகின்றன. தூசியோடு சேர்த்துத் துடைக்கும் துணியே பெரும்பாலும் இவற்றை உண்டாக்குகிறது.

காரின் நிறத்திற்கு மேல் நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. அதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். அதாவது நமது நோட்டுத் தாளின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. மெழுகு கீறலைச் சற்றே மூடி மறைக்கும். பாலிஷோ கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும். ஆகவே ஒவ்வொரு பாலிஷுக்கும் பூச்சு சிறிது குறைகிறது.

ஒரு முறை மெருகில் ஒரே பாலிஷ், ஒரே பஞ்சுத் திண்டு. மங்கலும் இலேசான கீறலும் பெரும்பாலும் மறையும். நாள்தோறும் ஓடும் காருக்கு இது போதும்.

பல முறை மெருகில், முதலில் சொரசொரப்பான காம்பவுண்டு ஆழ்ந்த கீறலைத் தேய்க்கும்; அது விட்டுச்சென்ற மங்கலை நுண்ணிய பாலிஷ் நீக்கும். சிறு கீறலும் கண்ணில் படும் கறுப்புக் காருக்கு இது ஏற்றது. நேரமும் கூலியும் அதிகம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? காரை நன்கு கழுவி, ஓர் ஓரத்தில் ஒரு சாண் இடத்தை மென்மையான பாலிஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். அது போதாவிட்டால் மட்டுமே காம்பவுண்டை நாட வேண்டும். நகம் சிக்கும் அளவு ஆழமான கீறலைத் தேய்த்துப் போக்க முயலலாகாது, பூச்சே போய்விடும்.

இழந்த பூச்சு மீண்டும் வளராது. அளவறிந்து தேய்த்தால் மெருகு. அளவு மீறினால் தேய்மானம்.